சாட்டைக் கேட்டு எழுதும் இடம்: கிளிநொச்சி மாவட்டத்து ஆரோக்கிய வாழ்வு நிலையம் ஒன்று

நல்ல பழக்கமொன்றைத் தொடங்கு என்று புத்தி சொல்வதற்கு வன்னியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தொடங்காதவர் சொல்லும் சாட்டை, அதாவது சாக்குப்போக்கை, இருந்து கேட்பதற்குத்தான் ஆளில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதியிலிருந்து உள்ளே விலகியிருக்கும் பிரதேச வைத்தியசாலை ஒன்றில் இயங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்கு நானும் என் அக்காவும் சில மாதங்களாகப் போய்வருகிறோம். அங்கே சாட்டைக் கேட்கிறார்கள், கேட்டதை எழுதுகிறார்கள், எழுதியதற்கு வழி தேடுகிறார்கள். அந்தச் சேவையைப் பற்றி மற்றவர்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். குறைகளும் சொல்ல இருப்பதால் வைத்தியசாலையின் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன்.

இத்தகைய நிலையங்களைச் சுகாதார அமைச்சு 2011 முதல் நாடெங்கும் அரச வைத்தியசாலைகளிலும் சுகாதார நிலையங்களிலும் ஏற்படுத்தி வருகிறது. நோயாளிகளுக்கான கிளினிக் அன்று. நோய் வரும் முன்னரே ஆபத்தைக் கண்டறிவதற்கான இடம். 35 வயதைத் தாண்டிய எவரும் போகலாம், காசு இல்லை. உயரமும் நிறையும் பார்த்து உடற்திணிவுச் சுட்டியைக் கணிக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளக்கிறார்கள். குருதி அமுக்கமும் வெறும் வயிற்றுச் சீனி அளவும் பார்க்கிறார்கள். ஆணுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டக்கூடாது, உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே ஆசிய உடம்புகள் கவனமாக இருக்க வேண்டும் என்பவற்றை நான் அந்த அறையில்தான் விளக்கமாகக் கேட்டேன். அளவுகளையும் வயதையும் புகைப்பழக்கத்தையும் சேர்த்து, அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடிய ஆபத்தை நிறங்களால் காட்டும் அட்டவணையிலே உங்கள் கட்டம் எது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள்.

அளப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. தனியார் ஆய்வுகூடத்தில் காசு கொடுத்தால் இதைவிட விரைவாகவும் நடக்கும். இந்த நிலையத்தை நான் உயர்த்திச் சொல்வது அளந்து முடிந்தபின் நடப்பதற்காக. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிச் சாட்டுச் சொல்பவரின் வாயை அடைப்பதுதான் எங்கள் வழக்கம். அங்குள்ள தாதிய உத்தியோகத்தரோ, கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார். சாட்டு ஒவ்வொன்றிலும் உண்மையான பங்கு ஒன்றும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பங்கு ஒன்றும் இருக்கின்றன என்பது அவருடைய நடைமுறையிலிருந்து நான் விளங்கிக்கொண்டது. உண்மையான பங்குக்கு வழி செய்து கொடுத்துவிட்டால், மற்றப் பங்கு தானாகவே நிற்க இடமில்லாமல் போய்விடுகிறது.

ஒரு காலை, எனக்கு முன்னால் இருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய வயல்காரர். இடுப்புச் சுற்றளவும் சீனியும் கூடுதல். நடக்க வேண்டும் என்றதும் அவர், “வயல்காரனுக்கு என்ன மிஸ் எக்சசைஸ்? விடிஞ்சாப் பொழுதுபட்டா வயலுக்கைதானே நிக்கிறன்” என்றார். தாதியான மிஸ் மறுத்துப் பேசவில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார்.

“உழவு என்னத்தாலை ஐயா?”

“ரக்ரர்தான்.”

“சூடடிப்பு?”

“இப்ப ஆர் பிள்ளை சூடடிக்கிறது? வெட்டுறதும் அடிக்கிறதும் ஒரே மிசின்.”

“களையெடுப்பு?”

“மருந்து அடிக்கிறது.”

“வயலுக்குப் போறது?”

“மோட்டச்சைக்கிள்.”

“அப்ப ஐயாவின்ரை கால் எந்த நேரம் நடக்குது?”

அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “வரம்பிலை கொஞ்சம்” என்றார். அவருடைய தகப்பனார் காலத்தில் அந்தச் சாட்டு முழு உண்மை. மாட்டுக்குப் பின்னால் நடந்து உழுது, குனிந்து நாற்று நட்டு, கத்தியால் வெட்டிச் சுமந்த உடம்புக்கு வேறு உடற்பயிற்சி தேவைப்படவில்லை. வேலையின் பெயர் மாறாமல் வேலை மட்டும் மாறிவிட்டது. அந்த மாற்றத்தைத்தான் ஐந்து கேள்விகளில் அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். அதோடு நின்றிருந்தால் அது வாதத்தில் வென்றதாகவே முடிந்திருக்கும். ஆனால், விதைப்பும் வெட்டும் நடக்கும் கிழமைகளில் உடம்பு அலுத்துப்போகும் என்பதையும், வாய்க்காலில் தண்ணீர் முறை வரும் இரவுகளில் நித்திரையே இல்லை என்பதையும் அவர் சொன்னபோது, மிஸ் அவற்றை உண்மை என்று ஏற்று, அந்த நாள்களை, தான் கொடுக்கும் கட்டம் போட்ட தாளில் தனியாகக் கோடு போட்டு விலக்கினார். மிச்ச நாள்களுக்கு எழுதியது ஒரே வரி: “மதகடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால், அங்கிருந்து வயல்வரை வாய்க்கால் கட்டால் நடை.” போகவர அரைமணி நேரம் ஆகும் தூரம் என்று அவரே சொன்னார். கிழமையில் ஐந்து நாள் அப்படி நடந்தால், வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்சமாகச் சொல்லும் 150 நிமிடங்கள் வந்துவிடுகின்றன. விரைவு நடையாக இருக்க வேண்டும், மூச்சு வாங்கினாலும் பேச முடிய வேண்டும் என்று மட்டும் சேர்த்துச் சொன்னார்.

அந்த ஒரு வரியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். “இனி நடப்பேன்” என்று எழுதவில்லை. “இன்ன இடத்தில் இன்னது நடந்தால், உடனே இன்னது செய்வேன்” என்று எழுதுகிறார்கள். பீற்றர் கோல்விற்சர் என்ற உளவியலாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த வகைத் திட்டத்தைப் பற்றியதுதான். நோக்கம் மட்டும் வைத்திருப்பவர்களைவிட, எப்போது, எங்கே, எப்படி என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருப்பவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்புக் கூடுதல் என்று அவர் காட்டினார். சாட்டு என்பது பெரும்பாலும் முடிவெடுக்கும் அந்தக் கணத்தில் பிறப்பது. வெயிலா, நேரமா, அலுப்பா என்று மனம் யோசிக்கத் தொடங்கினால், யோசனை எந்தப் பக்கம் முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். முடிவை முதல்நாளே எடுத்துத் தாளில் வைத்துவிட்டால், மதகடியில் யோசிப்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

என் அக்காவின் சாட்டுகள் வேறு. காலையில் நடக்க நாய், பின்னேரத்தில் நடக்க ஊர்ச்சனத்தின் வாய், நெடுஞ்சாலைப் பக்கம் போனால் லொறி. இவற்றில் எதையும் பொய் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துக் குறுக்கு வீதிகளில் விடியற்புறம் நாய்கள் கூட்டமாக நிற்கின்றன, ஏ-9 ஓரமாக இருட்டில் நடப்பது ஆபத்து, தனியே நடந்துபோகும் பெண்ணை நிறுத்தி “எங்கை போறாய்?” என்று கேட்காத வீடு குறைவு. துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரக் கிராமங்களில் இருந்து வருபவர்கள் யானையையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். நகரத்து மனிதருக்கு எழுதப்பட்ட அறிவுரைகள் எங்களிடம் வந்து தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்: அவை பூங்காவும் நடைபாதையும் இருப்பதாக எடுத்துக்கொண்டு பேசுகின்றன. மிஸ் அக்காவிடம் கேட்டது, ஒரு நாளில் சும்மா காத்துக்கொண்டு நிற்கும் நேரம் எது என்று. மகளை ரியூசனில் விட்டுவிட்டு, அது முடியும்வரை மற்றத் தாய்மாரோடு ஒழுங்கை வாசலில் ஸ்கூட்டியில் சாய்ந்தபடி நிற்கும் நேரம்தான் அது. பக்கத்தில் பாடசாலை மைதானம். கூட்டத்தோடு நடந்தால் நாயும் இல்லை, கதையும் இல்லை. இப்போது அந்தத் தாய்மாரில் நாலைந்து பேர் மைதானத்தைச் சுற்றி நடக்கிறார்கள், கதைப்பதையும் நிறுத்தவில்லை. அக்காவின் குருதி அமுக்கம் முன்பு 140க்கு மேல் நின்றது. இப்போது இறங்கி வருகிறது. அதில் நடைக்கு எவ்வளவு பங்கு, உப்பைக் குறைத்ததற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மருந்தை அவர் தானாக நிறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அளவு குறைந்ததும் குளிசையை விட்டுவிடுபவர்கள் எங்களிடையே அதிகம்.

தேத்தண்ணி விடயத்தில் அந்த அறையில் நடக்கும் உரையாடல்களை ஒரு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு நாளில் சேர்க்கும் சீனியின் அளவை 25 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிக்குள் வைத்திருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒரு தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி போடும் வீட்டில் இரண்டாவது கோப்பையோடு அந்த நாளின் கணக்கு முடிந்துவிடுகிறது. பணிசும் சோடாவும் இன்னும் வரவேயில்லை. “நாங்கள் சீனி போடுறேல்லை, பனங்கட்டி கடிச்சுத்தான் குடிக்கிறது” என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் மிஸ் மிகவும் கவனமாகப் பேசுவார். பனை எங்கள் பிழைப்பும் எங்கள் அடையாளமும் என்பதால் பனங்கட்டியைக் குறைசொன்னால் சனத்துக்கு மனம் நோகும். பனங்கட்டியிலும் பெரும்பங்கு சீனிதான், சுவையும் வாசமும் வேறு, உடம்பு எடுக்கும் கணக்கு வேறில்லை என்று சொல்லி, கடிக்கும் துண்டை நகத்தளவாகக் குறைக்கச் சொல்கிறார். வீட்டுக்கு வருபவர்களுக்குச் சீனி குறைத்துக் கொடுத்தால் மரியாதையில்லை என்பது அடுத்த சாட்டு. அதற்கு அவர் சொன்ன வழியை நாங்கள் வீட்டில் அன்றே பிடித்துக்கொண்டோம்: தேத்தண்ணியை வெறுமையாகவும் சீனியைத் தனிக் கிண்ணத்தில் கரண்டியோடும் வைப்பது. வருபவர் வேண்டியதைப் போட்டுக்கொள்வார். பலர் வீட்டில் போடுவதைவிடக் குறைவாகவே போடுகிறார்கள்.

ஒரு சாட்டை மட்டும் நான் சாட்டு என்று சொல்லத் தயங்குகிறேன். “செல்லுக்கும் தப்பி வந்தனாங்கள், இனிச் சீனிக்கே சாகப்போறம்?” என்று, போர்க்கால எறிகணைகளை நினைத்து ஒரு தாய் சொன்னார். 2009இல் போர் முடிந்தபின் இந்த மண்ணில் எந்தக் கிளினிக் வாங்கில் இருந்தாலும் இந்தச் சொல் ஏதோ ஒரு வடிவத்தில் காதில் விழும். இது சோம்பலில் வருவதன்று. பிள்ளைகளையும் புருசனையும் பறிகொடுத்தவருக்குத் தன் உடம்பைப் பேணுவதில் அக்கறை எங்கிருந்து வரும்? மிஸ் அன்று தாளை எடுக்கவில்லை. “இஞ்சை கால் இல்லாமல் எத்தனை பேர் இருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியும் அம்மா. தப்பி வந்த காலைச் சீனிக்குக் குடுத்திடாதேங்கோ” என்று மட்டும் சொன்னார். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதபோது பாதத்து நரம்பு மரத்து, புண் ஆறாமல், கடைசியில் காலையே எடுக்க நேர்வதை அந்தத் தாய்க்கு வேறு எந்த விளக்கப்படமும் அப்படிச் சொல்லியிருக்காது. பிறகு மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தார். பழக்கத்தைப் பற்றிய பேச்சு எந்த இடத்தில் நின்று வேறொரு பேச்சாக மாற வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது.

நாள் பார்க்கும் சாட்டு வன்னியில் மிகப் பலமானது. தைப்பொங்கல் கழியட்டும் என்பார்கள். அதற்குள் காலபோக வெட்டு வந்துவிடும். வெட்டு முடிந்தால் சித்திரை வருடம், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், பிறகு சிறுபோகம், ஆகஸ்ட் 15இல் மடுத் திருவிழா, அதன்பின் மழை. நல்ல நாள் வருவதேயில்லை. மிஸ் கொடுக்கும் தாளில் தொடங்கும் நாள் என்ற இடத்தில் எப்போதும் அன்றைய திகதியே இருக்கும். சேர்ந்து வரும் இன்னொன்று, “ரண்டு நாள் விட்டுப்போச்சு, இனி என்னத்துக்கு?” என்பது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாறுவதற்கு நடுவளவாக 66 நாள்கள் எடுத்தன. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வட்சப்பில் சுற்றும் செய்தியை நம்பி, 22ஆம் நாள் வராதபோது தன்னால் முடியாது என்று விட்டுவிடுபவர்களுக்கு இந்த எண்கள் பெரிய ஆறுதல். மாதம் ஒருமுறை தாளைக் காட்டும்போது வெற்றுக் கட்டங்களைப் பார்த்து மிஸ் ஏசுவதில்லை. அந்த நாளில் என்ன நடந்தது என்று கேட்டு, அந்தக் கட்டத்துக்குள்ளேயே காரணத்தைச் சிறிதாக எழுதுகிறார்: மழை, செத்தவீடு, காய்ச்சல். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் அதற்கென வேறு வழி தேடப்படுகிறது.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும், இந்தத் தாளும் இந்தக் கேள்விகளும் அந்த நிலையத்தின் முறையாக இல்லை, அந்தத் தாதிய உத்தியோகத்தர் ஒருவருடைய கைவேலையாகவே இருக்கின்றன. கட்டம் போட்ட தாள் அமைச்சு கொடுத்ததன்று. கொப்பித்தாளில் அவரே கோடு கீறிப் போட்டோக்கொப்பி எடுப்பது. அவர் லீவில் நின்ற நாளில் வேறொருவர் இருந்தார்; அளவுகள் சரியாக எடுக்கப்பட்டன, “நடவுங்கோ, சீனியைக் குறையுங்கோ” என்பதோடு ஆலோசனை முடிந்தது. அரச சேவையில் இடமாற்றம் தவிர்க்க முடியாதது. அவர் மாறிப்போகும் நாளில் இந்தச் சேவையின் உயிரும் சேர்ந்து போய்விடும் என்ற பயம் எனக்கு உண்டு. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை அந்தத் தாளை எடுத்துப் பார்த்து மற்ற நிலையங்களுக்கும் பழக்கினால், அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

இரண்டாவது, நேரம். வேலைநாள் காலையில் மட்டும் நடப்பதால், நாட்கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுத்தான் வர வேண்டும். வாங்கில் இருப்பவர்களில் ஆண்கள் மிகச் சிலரே. இத்தகைய நிலையங்களுக்கு ஆண்கள் வருவது குறைவு என்பது நாடெங்கும் சொல்லப்படும் குறையும்கூட. வேலை இருக்கிறது என்ற அவர்களுடைய சாட்டில் உண்மையான பங்கு பெரியது. சாட்டுகளை இவ்வளவு பொறுமையாகக் கேட்கும் ஓர் இடம் இந்தச் சாட்டையும் கேட்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமையோ ஒரு பின்னேரமோ திறக்க வேண்டும்.

திரைச்சீலை ஒன்றுதான் மறைப்பு என்பதால், உள்ளே பேசுவது வாங்கில் இருப்பவர்களுக்கு அப்படியே கேட்கிறது. நான் மேலே எழுதியவற்றை என்னால் கேட்க முடிந்ததே அந்தக் குறையால்தான். வெற்றிலையும் சாராயமும் பற்றிய கேள்விகளுக்குப் பலர் குரலைத் தாழ்த்துவதைக் காண்கிறேன். பலகையால் ஒரு தடுப்பு அடித்தால் உண்மை இன்னும் கூடுதலாக வெளியே வரும். அத்தோடு, செயற்கைக் கால் போட்டவர்களுக்கும் உடம்பில் செல்துண்டு உள்ளவர்களுக்கும் அங்கே ஒட்டியிருக்கும் உடற்பயிற்சிப் படங்களில் எதுவும் பொருந்தாது. கதிரையில் இருந்தபடி கை, தோள்களுக்குச் செய்யும் பயிற்சிப் படங்களை வேறெந்த மாவட்டத்தையும்விட எங்கள் பக்கத்துச் சுவர்களில்தான் முதலில் ஒட்டியிருக்க வேண்டும். வைத்தியசாலைச் சிற்றுண்டிச்சாலையையும் சொல்லாமல் விட முடியாது: வெறும் வயிற்றில் குருதி கொடுத்துவிட்டு வருபவருக்கு அங்கே கிடைப்பது றோல்சும் சீனி கூடிய பால்தேத்தண்ணியும்தான். அவித்த கடலையும் இலைக்கஞ்சியும் வைத்தால் விற்காது என்று நான் நம்பவில்லை.

இவ்வளவு குறையும் இருந்தும், நான் கண்ட சுகாதாரச் சேவைகளில் உறவினரை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போகக்கூடிய ஒன்று இது. போக விரும்புபவர்கள் முதலில் தங்கள் பகுதி வைத்தியசாலையிலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ நிலையம் இயங்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் அது வேறுபடும். முதல்நாள் இராச்சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் தவிர வேறெதுவும் எடுக்காமல், ஏற்கெனவே பாவிக்கும் குளிசைகளையும் பழைய அறிக்கைகளையும் கொண்டு போங்கள். குருதி கொடுத்தபின் சாப்பிட வீட்டிலிருந்தே ஏதாவது கட்டிக்கொண்டு போவது நல்லது. எங்கள் ஊர் நிலையத்தில் ஏழரைக்கு முன் துண்டு எடுத்தால் பத்து மணிக்குள் வீடு திரும்பலாம். அதற்குப் பிந்தினால் மத்தியானமாகிவிடும்.